நடப்பவருக்கு ஏற்ற நடைமானி

(மணப்பாறையில் ஊராட்சிப் பெரியோர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது ஊர்களில் ஒருவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும், அறுபது வயது நிறைந்தாலும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துகிறோம். ஒரு கடிகாரமோ வெள்ளிக் குத்துவிளக்கோ வழங்குகிறோம். அன்பின் அடையாளமான இவ்வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் பெறுபவருக்கு நாள்தோறும் பயன்படக்கூடிய பொருளை அளிப்பது மேலும் சிறப்புடையதன்றோ? அதிகாலையில் எழுந்து ஏரிக்கரையில் நடந்து வருகிற பெரியவர்கள் இன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அத்தகையவருக்கு ஏற்ற பரிசு எது என்று அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நடந்த காலடிகளை எண்ணிக் காட்டும் சிறு கருவியான நடைமானியைப் பற்றி, அதாவது பெடோமீட்டரைப் பற்றி, இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இது வேடிக்கைப் பொருளைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. முன்பு பட்டணத்து நோய் என்று கருதப்பட்டது இன்று சிற்றூர்களிலும் புகுந்துவிட்டது. ஏர் பிடித்து நடந்த இடத்தில் டிராக்டர் வந்தது; சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்த பாதையில் வண்டி வந்தது. உழைப்பின் கடுமை குறைந்தது நன்மையே. ஆனால் அத்துடன் நடையும் குறைந்துவிட்டது. மருத்துவர் “நடவுங்கள்” என்று சொன்ன பிறகு, எவ்வளவு நடந்தோம் என்பதை அறிந்துகொள்ள வேண்டிய நிலைமை பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது.

நடையின் பெருமை

நடைக்கும் நமது மாவட்டத்திற்கும் உள்ள தொடர்பு பெருமைக்குரியது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி அவர்களின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 150 மைல் நடந்து, அம்மாதம் 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். சாதாரண மனிதரின் காலடிக் கணக்கில் அது நாளொன்றுக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தவர்களிடம் எண்ணிக் காட்டும் கருவி ஏதும் இல்லை.

ஆனால் காலடியை எண்ணுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. இமயமலைப் பகுதியில் பிறந்த நயின் சிங் ராவத் என்பவர் 1865–66இல் யாத்திரிகர் வேடத்தில் திபெத்திற்குச் சென்று, நில அளவைத் துறைக்காக வழியை அளந்து வந்தார். ஒரே சீராக எட்டு வைக்கப் பழகியிருந்த அவர், 100 மணிகள் கோத்த ஜபமாலையைக் கையில் வைத்திருந்தார். வழக்கமான 108 மணி மாலை அன்று அது. நூறு காலடிக்கு ஒரு மணி என்று உருட்டிக் கணக்கு வைத்தார். அந்த உழைப்புக்கு 1877ஆம் ஆண்டில் இலண்டன் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவருடைய மாலை செய்த வேலையையே இன்றைய நடைமானி செய்கிறது.

கருவி வேலை செய்யும் விதம்

பழைய வகை நடைமானியினுள் வில்லில் தாங்கிய சிறு ஊசல் ஒன்று இருக்கும். காலடி வைக்கும்போது இடுப்பு இலேசாக ஏறி இறங்குகிறது, ஊசல் ஆடுகிறது, எண் ஒன்று கூடுகிறது. இவ்வகைக் கருவி நிமிர்ந்து நின்றால்தான் சரியாக எண்ணும். தொந்தியின் மேல் சாய்ந்துவிட்டாலும், முதியவர் காலைத் தேய்த்து மெல்ல நடந்தாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். புதிய வகையில் ஊசலுக்குப் பதிலாக, மூன்று திசைகளிலும் அசைவை உணரும் நுண்ணிய மின்னணுச் சில்லு இருக்கிறது. அது சட்டைப் பையில் சாய்ந்து கிடந்தாலும் எண்ணும். நமது வேட்டி, சேலை உடுப்புக்குப் பெல்ட் கிடையாது. ஆகையால் நமக்கு உகந்தது இவ்வகையே.

எத்தனை காலடி நடப்பது?

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இவ்வெண் மருத்துவர்கள் கணக்கிட்டுத் தந்ததன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் யமாசா என்னும் நிறுவனம் தன் நடைமானிக்கு ‘மான்போகெய்’ என்று பெயரிட்டது. ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்பது அதன் பொருள். வணிகப் பெயராகப் பிறந்தது உலகெங்கும் விதியாகிவிட்டது.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள் வேறுவிதமாகக் கூறுகின்றன. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடையே மரணம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளிவந்த முடிவும், 2,000 காலடி நடப்பவரைவிட 7,000 காலடி நடப்பவரிடையே மரணம் 47 சதவீதம் குறைவு என்றே கூறுகிறது. நோயுற்றவர் குறைவாக நடப்பதும் உண்டாதலால், இந்த வேறுபாடு முழுவதற்கும் நடையே காரணம் என்று சொல்லிவிட இயலாது. ஆயினும் பத்தாயிரம் எட்டவில்லையே என்று முழங்கால் வலியோடு துன்புறும் பெரியவருக்கு இச்செய்தி பெரும் ஆறுதலாகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு நடைமானி வாங்குவது பெரிய காரியமன்று. கொம்புக்குப் பூசிய வர்ணத்தையும் கழுத்துச் சலங்கையையும் பார்த்து யாரும் மாடு வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதே முறைதான் இங்கும்.

முதலாவது, எழுத்தைப் பாருங்கள். எண்கள் பெரியனவாகவும், வெயிலிலும் கண்ணாடியின்றிப் படிக்கத் தக்கனவாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொத்தான்களை எண்ணுங்கள். ஒன்று இருந்தால் உத்தமம். இரண்டு இருந்தால் பாதகமில்லை. கொழுப்பு எரிந்த அளவு, தூங்கிய நேரம் என்று பத்து விவரங்கள் காட்டும் கருவி, காலடியை மட்டும் அறிய விரும்புபவரைக் குழப்பவே செய்யும். நள்ளிரவில் தானாகவே பூஜ்யத்திற்குத் திரும்பி, முந்தைய ஏழு நாள் கணக்கையும் நினைவில் வைத்திருக்கும் கருவியாயின் பொத்தானைத் தொடவே வேண்டுவதில்லை.

மூன்றாவது, எங்கே வைத்துக்கொள்வார் என்று சிந்தியுங்கள். கிளிப்பும் கயிறும் இரண்டும் சேர்ந்தே இருப்பது நலம். குனிந்து வேலை செய்கையில் கிணற்றிலோ வாய்க்காலிலோ விழாமல் கயிறு காப்பாற்றும். கைக்கடிகாரம் போன்ற வகை கையின் அசைவைக் கொண்டே எண்ணுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கும், தலையில் கூடையைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கும் அது குறைவாகக் காட்டக்கூடும்.

நான்காவது, மின்கலம். பொத்தான் வடிவ மின்கலத்தில் இயங்கும் கருவி பல மாதங்கள் தொல்லையின்றி உழைக்கும். அந்த மின்கலம் அருகிலுள்ள கடைவீதியில் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அடிக்கடி மின்னேற்றம் செய்ய வேண்டிய கருவியும், கைபேசியோடு இணைத்தாலன்றி வேலை செய்யாத கருவியும் எல்லோருக்கும் ஏற்றவையல்ல. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு அவருடைய மைந்தர் வெளியூரிலிருந்து விலையுயர்ந்த கைக்கருவி ஒன்று அனுப்பினார். பெரியவரிடம் இருந்ததோ பழைய பொத்தான் கைபேசி. பரிசு இன்றும் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. பெரியவர் தம் நடையை வழியிலுள்ள புளியமரங்களைக் கொண்டு கணக்கிடுகிறார்!

ஐந்தாவது, நடக்கவிட்டுப் பாருங்கள். கருவியைப் பையில் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டு நூறு காலடி நடவுங்கள். 97 முதல் 103 வரை காட்டினால் தாராளமாக வாங்கலாம். சில கருவிகள் முதல் பத்துக் காலடிவரை அசையாமல் இருந்து, பிறகு மொத்தமாகச் சேர்த்துக் காட்டும், அது பழுதன்று. உங்கள் நடையைவிட, பரிசு பெறுபவரின் மெதுவான நடையில் சோதிப்பதே முறை.

கடைசியாக, உறையைப் படியுங்கள். அதிகபட்சச் சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், குறை கூறுவதற்கான தொலைபேசி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பொருளைத் தவிர்த்து, ரசீது கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பவர் கடமை

பரிசைக் கையில் கொடுத்ததோடு கொடுப்பவர் கடமை தீர்ந்துவிடாது. மின்கலத்தைப் பொருத்தி, நேரத்தைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். தூரத்தையும் காட்டும் கருவியாயின் காலடியின் நீளத்தைப் பதிக்க வேண்டும். சமதரையில் பத்துக் காலடி நடக்கச் செய்து, அந்தத் தூரத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆறரை மீட்டர் வந்தால் காலடி ஒன்றுக்கு 65 சென்டிமீட்டர். அவருக்கு ஒரு கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 1,540 காலடி. எட்டுக் கிலோமீட்டரைப் பத்தாயிரம் காலடி என்று கொள்வதுண்டு. அது 80 சென்டிமீட்டர் எட்டு வைப்பவருக்கே பொருந்தும். ஒருவருடைய கணக்கை மற்றவர்மேல் சுமத்தலாகாது.

கருவியோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். முதல் வாரம் வழக்கம்போல் நடந்து, எண்ணை மட்டும் குறித்து வரட்டும். மூவாயிரம் என்று தெரிந்தால், அடுத்த வாரம் மூவாயிரத்து ஐந்நூறு. இப்படிப் படிப்படியாக உயர்த்துவதே உடலுக்கு ஏற்றது. நாள் முழுதும் நாற்று நட்டவருக்கும், களை எடுத்தவருக்கும் இக்கருவி தேவையில்லை. அவர்கள் உழைப்பைக் காலடியால் அளந்துவிட முடியாது.

கவனிக்க வேண்டியவை

பொத்தான் மின்கலத்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே அது உணவுக் குழாயைப் புண்ணாக்கக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் கைவைத்தியம் பாராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு நடக்கலாகாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது. சிறு புண் பெரும் துன்பமாகிவிடும். நடந்து வந்ததும் பாதத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மருந்து உட்கொள்பவர் மயக்கம் வந்தால் உண்பதற்குச் சிறிது சர்க்கரையோ வெல்லமோ வைத்துக்கொள்வது நலம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால், எண் எவ்வளவாயினும் நடையை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. பொழுது புலருமுன் அதன் ஓரத்தில் நடப்பது உயிருக்கு ஆபத்தானது. வேறு வழியே இல்லையாயின், எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக, வெளிர்நிற உடையுடன், கையில் விளக்கோடு நடக்க வேண்டும்.

ஊரின் கடமை

இங்கேதான் ஊராட்சியின் பொறுப்பு வருகிறது. நெடுஞ்சாலைக்குப் போகாமல் நடக்க ஊருக்குள்ளேயே பாதை இருக்கிறதா? 2023ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. ஒவ்வொரு சிற்றூருக்கும் எட்டுக் கிலோமீட்டர் வேண்டுவதில்லை. கருவேல முள்ளை நீக்கிய ஏரிக்கரை அரைக் கிலோமீட்டர் இருந்தாலும் போதும். எரியும் தெருவிளக்கு நான்கு, நிழலுக்குப் புங்கன் அல்லது வேம்பு, களைத்தவர் உட்கார ஒரு திண்ணை: இவற்றைச் செய்துவிட்டால் பெண்களும் அச்சமின்றி நடக்க வருவார்கள். நடைமானியைத் தனியார் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பரிசளிக்கட்டும். ஊர்ப் பணம் பாதைக்கே செலவாகட்டும்.

அன்பர்களே! மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நம் எல்லோருக்கும் பெருமை உண்டு. அந்த முறுக்கைத் தின்பவர் சிறிது நடக்கவும் செய்தால் பெருமையோடு நலமும் சேரும். அடுத்த முறை பொன்னாடை வாங்கக் கடைக்குச் செல்லும்போது, பெறப்போகிறவர் நடப்பவரா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நடப்பவராயின், அவருடைய கண்ணுக்குத் தெரியும் எண்ணும், கைக்கு அடங்கும் பொத்தானும் உள்ள எளிய நடைமானியை வாங்குங்கள். பரிசளித்த மறுநாள் காலையில் அவரோடு கூடவே நடந்து, நூறு காலடி எண்ணிக் காட்டுங்கள்.