வரி கட்டியவனுக்கே ஓட்டு என்றால்



"வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு இருக்க வேண்டும்" என்று சிலர் பேசித் திரிகிறார்கள். ஏதோ தாங்களே கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். அய்யா, இது பழைய சரக்கு! ஜெர்மனியின் பிரஷ்யா மாநிலத்தில் 1849 தொடங்கி 1918 வரை கிட்டத்தட்ட இதைத்தான் சட்டமாக வைத்திருந்தார்கள். அது என்ன லட்சணத்தில் நடந்தது என்பதற்கு 1908 சட்டமன்றத் தேர்தல் ஒன்றே போதும்.

ஒரு வட்டாரத்தில் வசூலாகும் நேரடி வரியை எல்லாம் கூட்டினார்கள், மூன்றாக வகுத்தார்கள். முதல் பங்கைக் கட்டிய பெரும் பணக்காரர்கள் முதல் வகுப்பு. அடுத்த பங்கு இரண்டாம் வகுப்பு. மிச்சமிருந்த ஊரே மூன்றாம் வகுப்பு! கணக்கைக் கேளுங்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு 4 பேர், இரண்டாவதில் 14, மூன்றாவதில் 82. மூன்று வகுப்பும் சம எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்பும். உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது அந்தத் தேர்வாளர்கள்தான். ஆக, நாலு பேருக்கு என்ன பலமோ அதே பலம்தான் எண்பத்திரண்டு பேருக்கு. ஒரே ஒரு முதலாளி தனியாளாக முதல் வகுப்பு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த வட்டாரங்களும் உண்டு. தாய்மார்களே, உங்களுக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை.

சரி, அந்த எண்பத்திரண்டு பேராவது மனம்போல ஓட்டுப் போட்டார்களா? ரகசிய ஓட்டே கிடையாது! அதிகாரி முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழ, வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். பண்ணையாரின் ஆள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால், மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவன் யார் பெயரைச் சொல்வான்?

விளைவு என்ன? 1903இல் தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி வாங்கியது நூற்றுக்குப் பதினெட்டு ஓட்டுக்கு மேல். கிடைத்த இடம்? ஒன்றுகூட இல்லை. அதைவிட ஒரு சதவீதம்கூடக் கூடுதலாக வாங்காத பழமைவாதிகளுக்கு 143 இடம்! 1908இல் அதே தொழிலாளர் கட்சி நாலில் ஒரு பங்கை நெருங்கியது. 443 பேர் கொண்ட அவையில் 7 பேர்தான் உள்ளே போனார்கள். அந்த எழுவரில் ஒருவர் கார்ல் லீப்க்னெக்ட், வென்றபோது சிறையில் இருந்தவர். பிரஷ்யாவின் பிரதமராக இருந்த பிஸ்மார்க்கே கேவலம் என்று காறித் துப்பிய சட்டம் இது. அவர் ஒன்றும் நம் ஆள் இல்லை, தெரியுமல்லவா?

ஏழை வரி கட்டவில்லையாம்! அவன் தின்ற ரொட்டியின் தானியத்துக்குச் சுங்கம் போட்டார்களே, அது யார் பணம்? அந்தச் சுங்கத்தால் விலை ஏறி லாபம் பார்த்தவர்கள் கிழக்குப் பிரஷ்யாவின் நிலப்பிரபுக்கள். ஓட்டைத் தரம் பிரிக்கும்போது மட்டும் ரொட்டி வரி கணக்கில் வரவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது எந்த வகுப்பு என்று பார்த்தார்களா? 1918 மே மாதத்தில், லட்சக்கணக்கானோர் முதல் உலகப் போரில் செத்த பிறகும், சம ஓட்டு வேண்டாம் என்றுதான் அந்த அவை வாக்களித்தது. நவம்பரில் புரட்சி வந்துதான் அந்தச் சட்டத்தை ஒழித்தது.

வருமான வரி ரசீதைக் காட்டி இங்கே மார்தட்டுகிற நண்பர்களே, உங்கள் தெருவில் ஒரு கோடீசுவரன் குடியிருந்தால் பிரஷ்யச் சட்டப்படி நீங்களும் மூன்றாம் வகுப்புதான். இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்!