மண் குதிரையும் மண் குதிரும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு, கோச்சடை)

தமிழாசிரியராக வாழ்ந்து மறைந்த தம் தந்தையின் நினைவாக இந்த அறக்கட்டளையை வைத்த குடும்பத்தாருக்கு என் நன்றி. பேச்சு அவர் பிறந்த ஊரிலேயே நடக்கவேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். அதனால் கோச்சடைக்குப் பொருந்திய ஒரு பழமொழியை எடுத்துக்கொண்டேன்.

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே.' வைகைக் கரையில், அய்யனார் கோயில் உள்ள ஊரில் இதற்கு உரை வேண்டியதில்லை. ஆனால் மேடைகளிலும் பள்ளிகளிலும் வேறொரு விளக்கம் பரவியிருக்கிறது. மண் குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்க நினைப்பவன் உண்டா? அது குதிரை அல்ல, குதிர். ஆற்று நடுவே திரண்ட மணல்திட்டு, கால் வைத்தால் சரியும். குதிரோடு 'ஐ' சேர்ந்து குதிரை ஆனதை மக்கள் திரித்துவிட்டார்கள் என்கிறார்கள். நானும் வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுத்தவன்தான். இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் குதிர் என்றால் நெல் கொட்டிவைப்பது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பதிலும் அதுதான். இன்னொன்று, வேற்றுமை உருபு. குதிராக இருந்தால் 'குதிர நம்பி' என்று வாயில் வரவேண்டும். ஊரார் சொல்வதோ 'குதிரைய நம்பி'. யார் அப்படிச் செய்வார்கள் என்ற கேள்வியும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நடக்காததைச் சொல்லித்தான் பல பழமொழிகள் உறைக்கின்றன. அத்தைக்கு மீசை முளைப்பதற்கு யாரும் மூலபாடம் தேடவில்லையே!

வேறு பழமொழிகளையும் இப்படித் திருத்தியிருக்கிறார்கள். வைத்தியரின் மானத்தைக் காக்க 'ஆயிரம் பேரை' என்பது 'ஆயிரம் வேரை' ஆயிற்று. 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பதில் நாய் நாயகனாயிற்று. திருமந்திரத்தில் மரத்தில் செய்த யானை வருகிறது: யானையாகப் பார்த்தால் மரம் மறையும், மரமாகப் பார்த்தால் யானை மறையும். கல்லில் செதுக்கிய நாய்க்கும் அந்தப் பொருளே போதும். நாயகனை எதற்கு அழைக்கவேண்டும்?

ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் உண்டு. பெருமழையை 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்பார்கள். கூரை வைக்கோலில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்த தொடர் என்று 1999-இல் ஒரு கதை மின்னஞ்சலில் உலகைச் சுற்றியது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட நூலிலேயே அந்தத் தொடர் இருக்கிறது. கூரைக்கு அங்கே வேலையே இல்லை.

பீட்டர் பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சேற்றினார். ஜான் லாசரஸின் அகராதி 1894-இலும், ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897-இலும் வந்தன. புதிய மூலம் சொல்பவர் முதலில் இந்த மூன்றையும் புரட்டட்டும். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் போகட்டும். யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

என் கணக்கில் ஒன்று இருக்கிறது. வைகையில் வெள்ளம் வந்த ஓர் ஐப்பசியில், சீட்டுப் பிடிப்பவர் ஒருவரை நம்பி நகையை அடகு வைக்கக் கிளம்பினார் என் சித்தப்பா. வாசலில் நின்ற அப்பத்தா, "மண்ணுக் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதடா" என்றாள். சொன்னபோது அவள் கை ஆற்றுப் பக்கம் நீளவில்லை. அய்யனார் கோயில் பக்கம் நீண்டது.