பூவைத் தள்ளிப்போடும் கலை

காஞ்சி காமாட்சியம்மன் கையில் கரும்பு வில்லும் மலர்க்கணையும் இருப்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கொல்லையில் நிற்கும் கரும்பு பூத்தால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பூப்பைத் தள்ளிப்போடும்படி இரகங்களை உருவாக்குகிறவர்களின் திறமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கரும்பின் உச்சியில் வெள்ளி நிறத்தில் கதிர் தள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் குருத்தே பூவாகிவிட்டதால் அந்தக் கரும்பு அதற்குமேல் ஒரு கணுகூட விடாது. சீக்கிரம் வெட்டிவிட்டால் பெரிய நட்டமில்லை. ஆலையின் கட்டிங் ஆர்டர் தள்ளிப்போய், மாசி வரை நின்றால்தான் வினை. பக்கச் சிம்புகள் கிளம்பும், எடை குறையும், சர்க்கரையும் இறங்கும். அப்படி நின்ற கரும்பின் நுனிப்பக்கத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: நடுவே தக்கைபோல வெளுத்து, சாறில்லாமல் கிடக்கும்.

ஆவணி வாக்கில் பகல் பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டிச் சுருங்குகிறது. இரவு அதிகக் குளிரில்லாமல் இருந்து, மண்ணில் ஈரமும் இருந்தால், சில கணுக்கள் விட்ட கரும்பு அப்போதே பூவுக்குத் தயாராகிவிடும். கதிர் வெளியே தெரிவது பல வாரம் கழித்துத்தான்.

ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக்கு இதற்கு நேர்மாறான குணம். அது குளிர்பட்டு, பிறகு நீண்ட பகலைக் கண்டால் பூக்கும். முதல் ஆண்டில் கிழங்கு, குளிர்காலம் கழிந்து மறு ஆண்டில் பூ என்பது அதன் முறை. வசந்தத்தில் விதைத்த இளஞ்செடி பல வாரக் குளிரில் சிக்கினால், முதல் ஆண்டிலேயே தண்டு ஓடி, கிழங்கு நாராகிவிடும். அங்குள்ள ஆய்வாளர்கள் வேண்டுமென்றே குளிரில் முன்கூட்டி விதைத்து, பூத்ததைப் பிடுங்கி எறிந்து, பூக்காததைத் தேர்ந்தெடுத்துத்தான் நல்ல இரகங்களை எடுத்தார்கள்.

கரும்பில் இதைவிடச் சிக்கல். கரும்பு விதை பிடிக்கும் என்பதே 1880களில் ஜாவாவிலும் பார்படாஸிலும்தான் உறுதியானது. கலப்பினம் செய்யப் பூ வேண்டும். வட இந்தியாவிலோ கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோயம்புத்தூரில் நன்றாகப் பூக்கும் என்பதால்தான் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே வந்தது. அந்த நிலைய ஆய்வாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் நம் வெள்ளைக் கரும்பை நாணலோடு கலந்து எடுத்த கோ 205, 1918இல் வெளியாகி வட இந்திய வயல்களுக்குப் போனது.

அந்த நிலையத்தில் நடக்கும் வேலையை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. இரண்டு பெற்றோரும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். மகரந்தம் உயிர்ப்போடு இருக்கிறதா என்று அயோடின் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். விதை, பஞ்சுத் துய்க்குள் ஒளிந்திருக்கும் பொடி. அதை முளைக்கவைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளில் கழித்துக் கழித்து ஒரு இரகத்தைக் கையில் எடுக்கப் பத்தாண்டுக்கு மேலாகும். பெற்றோர் பூத்தே தீர வேண்டும். பிள்ளையோ விவசாயி கொல்லையில் பூக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கையால் சாதிப்பது சாமானியமல்ல.

அறவே பூக்காத கரும்பை நான் உச்சமாகச் சொல்ல மாட்டேன். அருமையான இரகமாக இருந்தாலும் அதை அடுத்த கலப்புக்குப் பயன்படுத்துவது பெரும்பாடு. வெட்டு முடியும்வரை பூவைத் தாமதிக்கும் இரகமே என் கணிப்பில் சிறந்தது.

படாளம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைப் பகுதி விவசாயிகள் கரும்பு அலுவலரிடம் மகசூல், சர்க்கரைச் சத்து எல்லாம் விசாரிப்பார்கள். எந்தப் பட்டத்தில் நட்டால் இந்த இரகம் பூக்கும், பூத்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் நடவுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.