சப்பானின் எழுச்சியும் வல்லாண்மையும்: தமிழர்க்கு ஒரு படிப்பினை

(தம்மம்பட்டியில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட இத் தம்மம்பட்டி, மரச் சிற்பத்தால் பெயர்பெற்ற ஊர். உளியை எந்த ஊர்க் கொல்லன் அடித்திருந்தாலும், வாகை மரத்தினின்று எழும் உருவம் அதைப் பிடித்த கையின் உருவமே. ஒரு நாட்டினர் அயலாரிடமிருந்து அறிவியலைப் பெறுவதும் இவ்வாறே. கருவி அயலாரதாக இருக்கலாம். பயில்வதும் எண்ணுவதும் ஆக்குவதும் தம் மொழியில் நிகழுமாயின், விளைவது தமதேயாகும்.

இவ்வுண்மைக்கு நம் மேடைகளில் ஓயாது எடுத்துக்காட்டப்படும் நாடு சப்பான். தாய்மொழியில் கற்றே அந்நாடு தலைநிமிர்ந்தது என்று முழங்காத தமிழ்மேடை அரிது. அக்கூற்று மெய்யே, ஆயினும் அது பாதி மெய். எஞ்சிய பாதியை மறைத்துவிட்டுப் பேசுவது அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. அந்தப் பாதியில் பல்லாயிரம் தமிழரின் எலும்புகள் கிடக்கின்றன.

மொழியைக் கைவிடாத நாடு

1853ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் சப்பானின் கடல்வாயிலில் வந்து நின்றார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அயலார்க்குப் பெரிதும் கதவடைத்திருந்த அந்நாடு, 1854இல் துறைமுகங்களைத் திறக்க உடன்பட்டது. 1858இல் மேலைநாடுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளோ இன்னும் கொடியவை. தன் மண்ணில் குற்றம் இழைத்த வெள்ளையரைத் தன் மன்றத்தில் உசாவும் உரிமையையும், தன் துறையில் தானே சுங்கம் வரையறுக்கும் உரிமையையும் சப்பான் இழந்தது.

அம் மானக்கேடே அந்நாட்டை எழுப்பியது. 1868இல் பழைய படைத்தலைவர் ஆட்சி வீழ்ந்து, மெய்சிப் பேரரசர் பெயரால் புதிய ஆட்சி அமைந்தது. 1871இல் குறுநிலங்கள் ஒழிக்கப்பட்டன. 1872இல் கல்வி ஆணை பிறந்தது. ஊரில் கல்லாத வீடும் வீட்டில் கல்லாத ஆளும் இருத்தலாகாது என்பது அதன் நோக்கம். அவ்வாண்டிலேயே ஆங்கிலப் பொறியாளரின் துணையோடு தோக்கியோவுக்கும் யோக்கோகாமாவுக்கும் இடையே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1873இல் கட்டாயப் படைப்பணி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளி செல்லும் அகவையினருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர்க்கு மேல் பள்ளியில் இருந்தனர்.

அக்காலத்தில் அங்கும் நம் நாட்டில் எழும் கேள்வியே எழுந்தது. அமெரிக்காவில் சப்பானின் தூதராக இருந்தவரும், பின்னாளில் கல்வியமைச்சர் ஆனவருமாகிய மோரி அரினோரி, புதுக்காலத்திற்குத் தம் மொழி போதாதென்றும் ஆங்கிலத்தை மேற்கொள்ளல் வேண்டுமென்றும் 1872-73இல் எழுதினார். அவர் கருத்துக் கேட்டு எழுதிய அமெரிக்க மொழியறிஞர் உவிற்றினியே, தாய்மொழியைக் கைவிடல் தகாது என்று மறுமொழி விடுத்தார். இலண்டனில் பயின்றுகொண்டிருந்த பாபா தத்சுயி என்னும் இளைஞரோ 1873இல் சப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி, அதனை ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். சப்பானியம் இலக்கணம் உடைய மொழி என்று காட்டுதலும், அயன்மொழி ஆட்சிமொழியானால் மேன்மக்களும் பொதுமக்களும் இரு கூறாகப் பிளவுபடுவர் என்று எச்சரித்தலும் அவர் நோக்கம். அப்பிளவு எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டார்க்குச் சொல்லவும் வேண்டுமோ? நயமன்ற வளாகத்தில் தன் வழக்கைப் பற்றித் தனக்கே விளங்காத மொழியில் பேசப்படுவதைக் கேட்டு நிற்கும் உழவனைக் கண்டவர்க்கு அது கண்கூடு.

மோரியின் கருத்து ஏற்கப்படவில்லை. ஒல்லாந்தரின் உடற்கூற்று நூல் ஒன்றைச் சுகித்தா கென்பாக்கு முதலானோர் 1774இலேயே மொழிபெயர்த்திருந்தனர். அவ்வழியிலேயே மெய்சிக்கால அறிஞரும் மெய்யியல், மன்பதை முதலான கருத்துகளுக்குச் சொல் ஆக்கினர். மெய்யியலுக்கு இன்றும் வழங்கும் சொல்லை ஆக்கியவர் நிசி அமானே. உயர்ந்த ஊதியத்தில் அழைக்கப்பட்ட அயல்நாட்டு ஆசிரியரிடமும் பொறியாளரிடமும் கற்று, அவர்தம் இடத்தில் சப்பானியரே படிப்படியாக அமர்ந்தனர். ஒன்று மட்டும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்கள் புதுச்சொற்களைச் சீன எழுத்துகளையும் சீன வேர்களையும் கொண்டே பெரிதும் ஆக்கினர். தமிழுக்கு அக் கடனும் வேண்டா. தன் வேரினின்றே எத்துணைச் சொல்லும் கிளைக்க வல்லது அது.

இவ்வெழுச்சிக்கு விலை கொடுத்தவர் யார்? புதிய நிலவரியைச் சுமந்த உழவரும், பட்டாலைகளில் நெடுநேரம் நின்று நூலெடுத்த ஏழைச் சிறுமியருமே. நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று என விதித்த வரி, உழவர் கிளர்ச்சியால் 1877இல் இரண்டரை ஆகக் குறைந்தது. அயல்நாட்டுக்கு விற்ற பட்டின் பணமே பொறியாகவும் போர்க்கப்பலாகவும் திரும்பி வந்தது.

அடிபட்டவன் அடித்தான்

இதுவரை சொன்னது மேடைகளில் கேட்கும் பாதி. இனி மற்றப் பாதி.

1875இல் சப்பானியப் போர்க்கப்பல் ஒன்று கொரியாவின் கங்குவாத் தீவருகே சென்று சண்டை விளைத்தது. அடுத்த ஆண்டு, துறைமுகங்களைத் திறந்துவிடுமாறும், அங்குக் குற்றம் செய்யும் சப்பானியரைக் கொரியமன்றம் உசாவலாகாதென்றும் ஓர் உடன்படிக்கை கொரியாவின்மேல் சுமத்தப்பட்டது. பெர்ரி சப்பானுக்குச் செய்ததைச் சப்பான் கொரியாவுக்குச் செய்தது. இடையில் கழிந்தவை இருபத்து மூன்று ஆண்டுகளே! தன்மேல் பூட்டிய விலங்கு கழல்வதற்கு முன்பே, அதுபோன்ற விலங்கு ஒன்றைச் செய்து அடுத்தவன் காலில் பூட்டிவிட்டது.

1879இல் இரியூக்கியூத் தீவுகள் ஒக்கினாவா என்னும் பெயரில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. 1894-95இல் சீனத்தோடு போர். தைவானும் இருபது கோடித் தேல் வெள்ளி இழப்பீடும் கிடைத்தன. அவ்விழப்பீட்டின் ஒரு பகுதி 1901இல் தொடங்கிய யவாத்தா எஃகாலைக்குப் பயன்பட்டது. போரால் ஆலை, ஆலையால் மீண்டும் போர் என்று சுழல் அமைந்தது. 1905இல் உருசியக் கடற்படை சுசிமாவில் அழிந்தபோது, வெள்ளையனும் வெல்லத்தக்கவனே என்று ஆசியா முழுதும் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில், அப்போரின் பரிசுப்பொருள் யாது என்று வினவியவர் சிலரே. அப்பரிசு கொரியா. 1910இல் அந்நாடு முற்றும் விழுங்கப்பட்டது.

பிறர் நாவைக் கட்டியது

மொழியால் உயர்ந்த நாடு, பிறர் மொழியின் அருமையை உணர்ந்திருக்க வேண்டும் அன்றோ? நிகழ்ந்தது வேறு. ஒக்கினாவாப் பள்ளிகளில் தம் வீட்டு மொழியைப் பேசிய சிறாரின் கழுத்தில் ஒறுப்பட்டை தொங்கவிடப்பட்டது. கொரியாவில் 1938இல் கொரியமொழி பள்ளிகளில் கட்டாயப் பாடமாக இல்லாது போய், பின்னர் அறவே மறைந்தது. 1940இல் கொரியர் தம் பெயரையும் சப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். 1942இல் கொரியமொழி அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த கழகத்தார் பிடிக்கப்பட்டனர். இ யூன்சே, ஃகான் சிங்கு என்னும் இருவர் சிறையிலேயே மாண்டனர். சொற்களைத் திரட்டியதே அவர்கள் செய்த குற்றம்!

அதே 1938இல்தான் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. அதனை எதிர்த்துச் சிறை புகுந்த நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். கொரியச் சிறையில் மாண்ட இருவர்க்கும் தமிழுக்காக மாண்ட இருவர்க்கும் உறவு உண்டு. அஃது ஒரே துன்பத்தின் உறவு. சேலம் நகராண்மைக் கல்லூரியில் பன்னீராண்டு தமிழ் பயிற்றி, வாழ்நாள் முழுதும் சொல்லின் வேரைத் தேடிய மொழிஞாயிறு பாவாணரை அறிந்தவர்க்கு, ஓர் அகரமுதலிக்காகச் சிறைப்பட்டவரின் வாழ்வு அயலாரின் வாழ்வாகத் தோன்றாது.

சயாம் காட்டில் தமிழர்

1942 பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அப்போது மலையாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் இலக்கக்கணக்கில் இருந்தனர். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, வடார்க்காடு மாவட்டங்களிலிருந்தும் இச்சேலம் மாவட்டத்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவரும், அவர் வழியினரும் அவர்கள். ஆசியா ஆசியர்க்கே என்று முழங்கிக்கொண்டு சப்பான் அவர்களிடம் வந்தது.

சயாமையும் பருமாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை ஒன்றைச் சப்பானியப் படை தொடங்கியது. நல்ல கூலி, நல்ல உணவு என்று தோட்டத் தமிழரை முதலில் அழைத்தனர். சென்றவர் திரும்பாமை கண்டு மற்றவர் அஞ்சியபோது வன்முறையால் ஏற்றிச் சென்றனர். மழைக்காட்டில் மூங்கிற் கொட்டகை, அரைவயிற்றுக் கஞ்சி, கழிச்சல், வாந்திக் கழிச்சல், குளிர்க்காய்ச்சல். வெள்ளைப் போர்க்கைதிகளுக்குத் தம் படை மருத்துவரேனும் உடனிருந்தனர். தமிழர்க்குப் பெரும்பாலும் எவருமில்லை. 1943 அக்குதோபரில் பாதை இணைந்தது. போர்க்கைதிகளுள் 12,000 பேர்க்கு மேல் மாண்டனர். தமிழர், மலாயர், பருமியர், சாவகர் முதலான ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 90,000 அளவினர் என மதிப்பிடப்படுகின்றனர். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் உள்ளன. தமிழருள் பெரும்பாலோர்க்கு ஒரு கல்லும் இல்லை.

அதே சப்பானின் துணையோடுதான் 1943இல் சுபாசு சந்திரபோசின் இந்திய விடுதலைப்படை மீண்டும் உருப்பெற்றது என்பதும், அதில் தமிழ் ஆடவரும் பெண்டிரும் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர் என்பதும் வரலாறே. அவர்தம் ஈகம் போற்றற்குரியது. ஆனால் தோழமை சொல்லி வந்த வல்லரசு, ஒரு தோட்டத்து மகனுக்குத் துமுக்கியும் மற்றொரு மகனுக்குச் சயாம் காட்டில் மண்வெட்டியும் கொடுத்ததை மறத்தல் ஆகாது.

பேரரசு போயிற்று, மொழி நின்றது

1945 ஆகத்து மாதம் இரு நகரங்கள் அணுக்குண்டால் அழிந்தன, சப்பான் பணிந்தது. கொரியா, தைவான், மஞ்சூரியா அனைத்தும் கைவிட்டுப் போயின. கொரிய அகரமுதலியின் கையெழுத்துப்படியோ, சப்பான் பணிந்த மறுமாதமே சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கு ஒன்றில் கிடைத்தது. 1947இல் அதன் முதல் மடலம் வெளிவந்தது. 1957இல் ஆறு மடலங்களும் முற்றுப்பெற்றன. அழிக்க முயன்ற பேரரசு அழிந்தது, அகரமுதலி அழியவில்லை.

வல்லாண்மை இன்றேல் சப்பான் வளர்ந்திராது என்று சிலர் வாதிடுவர். அவர்க்கு விடை சப்பானே. குடியேற்ற நாடு ஒன்றுமின்றி, அமெரிக்கத் துணையையும் பெற்று, தன் மொழிக்கல்வியாலும் உழைப்பாலும் அந்நாடு மீண்டும் எழுந்தது. 1964இல் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே அது ஓட்டிய விரைவுத் தொடர்வண்டியை உலகமே வியந்தது. 1872ஆம் ஆண்டுப் பாதை கற்றுப் போட்டது. 1943ஆம் ஆண்டுப் பாதை பிறர் உடல்மேல் போட்டது. 1964ஆம் ஆண்டுப் பாதை தன் அறிவால் போட்டது. இவற்றுள் முதலும் ஈறுமே சப்பானுக்குப் பெருமை தந்தவை, நடுவணது மானக்கேடு.

ஆகலின், தமிழர் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பது தெளிவு. தாய்மொழிக் கல்வியைச் சப்பானிடமிருந்து கொள்க. மேடையில் சப்பானைப் புகழ்ந்துவிட்டுப் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுக்கும் இரட்டை வாழ்வை விடுக. பாபா தத்சுயி போல் ஓர் இலக்கணம் எழுத இயலாவிடினும், தம் தொழிலுக்குரிய பத்துத் தமிழ்ச்சொல்லையேனும் ஒவ்வொருவரும் வழங்குக.

வல்லாண்மையைத் தள்ளுக. அது படைநடத்தும் அரசுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஒவ்வோர் உள்ளத்திலும் முளைக்க வல்லது. சேலத்துத் தறிகளில் தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் பேசுவோர் தலைமுறைகளாக உழைக்கின்றனர். இன்று வடபுலத் தொழிலாளரும் வந்து உழைக்கின்றனர். இந்தியைத் திணிக்கும் ஆட்சியை எதிர்ப்பது கடமை. வயிற்றுக்காக வந்தவனின் வாய்மொழியை எள்ளுவது தமிழ்ப்பற்று ஆகாது. தன் தாயைப் போற்றுகின்றவன் அடுத்தவன் தாயைப் பழியான். அப்படிப் பழித்த ஒரு நாட்டின் வழியிலேதான் சயாம் காட்டில் தமிழர் மாண்டனர் என்பதை மறவாதிருப்போமாக.

தமிழால் எழுவோம், எவரையும் மிதியாது எழுவோம்.

வெல்க தமிழ்!