நடப்பவர்க்கு ஒரு தெரு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியச் சொற்பொழிவு முடிந்து இசை விருந்து தொடங்குவதற்கு முன்னுள்ள இந்தச் சிறு பொழுதில், தெருவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். காரணம் நீங்கள் அறிந்ததே. நம் காலனிக் கடைத்தெருவில் வரும் மார்கழி, தை ஆகிய இரண்டு திங்களும் மாலை வேளைகளில் வண்டிகளை நிறுத்தி வைத்து, தெருவை நடப்பவர்க்கே விட்டுவிடலாமா என்னும் பேச்சு எழுந்துள்ளது. குடியிருப்போரில் பலர் வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர்களில் பலர் கூடாது என்கிறார்கள். சங்கத்தின் கருத்தையும் இருசாராரும் கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பவர்களுடைய கட்சி அன்று.

இந்தப் பெங்களூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிகேட் ரோட்டையும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டையும் இணைத்து, எம். ஜி. ரோட்டுக்கு இணையாகச் செல்லும் சர்ச் ஸ்ட்ரீட்டை அறியாதார் இங்கே இரார். முக்கால் கிலோமீட்டர் அளவே உள்ள சிறு தெரு. பழைய புத்தகக் கடைகளுக்காக நம் பிள்ளைகள் செல்லும் தெரு, எம். ஜி. ரோட்டில் நெடுங்காலம் இருந்த இந்தியா காபி ஹவுஸ் 2009-இல் வந்து சேர்ந்த தெரு. 2018-இல் அதனைப் புதுப்பித்துக் கருங்கல் பாவி, நடைபாதைகளை அகலமாக்கினார்கள். பின்னர் 2020 நவம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை, சனி, ஞாயிறு நாட்களில் அங்கே மோட்டார் வண்டிகள் புகலாகாது என்று தடுத்தார்கள். நகரப் போக்குவரத்துத் துறையார் முன்னின்று நடத்திய சோதனை அது. இந்திய அறிவியல் கழகத்தார் அங்கே காற்றின் தூய்மையை அளந்தறிந்தார்கள்.

அந்நாட்களில் அங்கே சென்று வந்தவர்கள் முதலில் சொன்னது காற்றைப் பற்றியன்று, ஒலியைப் பற்றி. ஹாரன் ஓசை நின்றபோதுதான் அத்தெருவில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் குரல் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கும் தாய், பிள்ளையின் கையை விட்டாள். வழக்கமாக ஓரத்தில் ஒண்டி நடக்கும் முதியவர் தெருவின் நடுவில் நடந்தார். இவை சிறு செய்திகள் போலத் தோன்றும். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்ட இந்நகரத்தில், எண்பது வயதுடைய ஒருவர் துணையின்றிக் கடைக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி வருவது இயலாததாகிவிட்டது. நம் காலனியிலேயே எத்தனை பெரியவர்கள் மாடியிலிருந்து கீழே இறங்குவதையே விட்டுவிட்டார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

குறித்த பருவம் முடிந்தது. வண்டிகள் திரும்பி வந்தன. இன்றும் டிசம்பர் 31-ஆம் நாள் இரவு காவல் துறையினர் எம். ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் மூன்றிலும் வண்டிகளைத் தடுக்கிறார்கள். ஆனால் அது கூட்டத்தை அடக்குவதற்கான ஏற்பாடு, நடப்பவர் இன்புறுவதற்கானதன்று.

இது மேல்நாட்டார் நாகரிகம், நமக்கு ஒவ்வாது என்று ஓர் அன்பர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மயிலாப்பூரின் மாடவீதிகளைப் பங்குனியில் பார்த்தவர் அப்படிச் சொல்வாரா? அறுபத்துமூவர் திருவிழா நாளில் அங்கே எந்த மோட்டாருக்கு இடம்? கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளையும் நம் முன்னோர் அகலமாக அமைத்தது தேர் ஓடுவதற்காக. தேர் ஓடாத நாளில் அங்கே கடையும் பேச்சும் விளையாட்டும் நிகழ்ந்தன. இந்நகரிலும் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிப் பசவனகுடியில் நடைபெறும் கடலேக்காய் பரிஷே என்னும் நிலக்கடலைச் சந்தைக்காகப் புல் டெம்பிள் ரோட்டை வண்டிகளுக்கு அடைத்து விடுகிறார்கள். வேர்க்கடலைக் குவியல்களுக்கிடையே இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு முறை தெருவை மக்களிடம் ஒப்படைப்பது நாம் மறந்து போன வழக்கமேயன்றி, அறியாத வழக்கமன்று. மார்கழிக் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகறையில் வீட்டு வாசலும் வாசலுக்கு முன்னுள்ள தெருவும் பெண்களுக்கு உரியனவாக இருந்தன. இன்று நம் பெண்மக்கள் அடுக்குமாடி வீட்டின் நடைக்கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முழங்கை அகலத்தில் கோலம் போடப் பழகுகிறார்கள்.

கடைக்காரர்களின் அச்சத்துக்கு வருகிறேன். வண்டி நிற்க இடமில்லையேல் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்கிறார்கள். இதே அச்சம் வேறு ஊர்களிலும் இருந்தது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஸ்ட்ராயெட் என்னும் கடைவீதியை 1962 நவம்பரில் சோதனையாக வண்டிகளுக்கு அடைத்தபோது, குளிர்நாட்டு மக்கள் தெருவில் உலவமாட்டார்கள், வாணிகம் அழியும் என்று எதிர்த்தார்கள். 1964-இல் அது நிலையான நடைவீதியாயிற்று. பிரேசில் நாட்டுக் குரிட்டிபாவில் 1972 மே மாதம் நடந்தது இன்னும் சுவையானது. நகர மேயராக இருந்த ஜெய்மி லெர்னர், வழக்குமன்றத்துக்கு யாரும் போவதற்கு முன் வேலை முடியவேண்டும் என்று கருதி, வெள்ளிக்கிழமை மாலை கடைகள் மூடிய பிறகு தொடங்கி, ஏறத்தாழ 72 மணி நேரத்தில் முதன்மையான கடைத்தெருவின் ஒரு பகுதியை நடைவீதியாக்கிவிட்டார். அதற்கடுத்த வாரம் மோட்டார்க்காரர்கள் கூட்டமாக வந்து தெருவை மீட்கப் போவதாகச் செய்தி வந்தது. அவர் காவலரை நிறுத்தவில்லை. தெரு நெடுகத் தாளை விரித்துக் குழந்தைகளை அமர்த்திப் படம் வரையச் செய்தார். வந்த கார்கள் திரும்பிப் போயின. எதிர்த்து மனுக் கொடுக்க எண்ணியிருந்த கடைக்காரர்களே பிறகு நடைவீதியை மேலும் நீட்டுமாறு கேட்டார்கள்.

லெர்னருடைய துணிவை வியக்கலாம். அவர் வழியை நாம் பின்பற்றக் கூடாது. ஒரே தெருவில் நாள்தோறும் முகம் பார்த்து வாழும் நாம், வெள்ளிக்கிழமை இரவில் தெருவைத் தோண்டிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அதே மளிகைக்காரரிடம் பருப்புக் கடன் கேட்க முடியுமா? ஆகவேதான் பருவம் என்பது நல்லது. இரண்டு திங்கள் நடத்திப் பார்த்துத் தீமையெனக் கண்டால் தடுப்புக் கட்டைகளை எடுத்துவிடலாம். நியூயார்க் நகரத்தார் 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் வண்டிகளை நிறுத்தியபோது, மக்கள் உட்காருவதற்கு முதலில் போட்டவை மலிவான மடக்கு நாற்காலிகளே. அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதனை நிலையாக்க முடிவு செய்தார்கள்.

ஒரே நாள் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு நாள் அடைத்தால் அது திருவிழா. எல்லோரும் வேடிக்கை பார்க்க வருவார்கள், யாரும் கொத்தமல்லி வாங்க வரமாட்டார்கள். வழக்கம் மாறுவதற்குச் சில வாரங்களாவது வேண்டும்.

நம் கடைத்தெருவில் இன்று நிற்கும் கார்கள் யாருடையவை என்று கடைக்காரர்களை அன்போடு கேட்கிறேன். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். காலை 10 மணிக்குக் கடை திறந்தவர் தம் காரையே கடை முன் நிறுத்தி, இரவு 9 மணிக்கு எடுத்துச் சென்றால், அந்த 12 சதுர மீட்டரில் ஒரு வாடிக்கையாளருக்கும் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் கார் வைத்திருப்பவன்தான்.

எனினும் எல்லாக் கடைகளுக்கும் நியாயம் ஒன்றே அன்று. அரிசி மூட்டை விற்பவரையும் எரிவாயு அடுப்பு விற்பவரையும் வளையல் கடைக்காரரோடு சேர்த்துப் பேசுதல் தவறு. இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் சுமந்து யாரும் உலாவ மாட்டார்கள். அவர்களுக்காகக் காலையிலும் பிற்பகலிலும் வண்டி வந்து சரக்கை ஏற்றி இறக்க விடவேண்டும். மாலை 5 மணி முதல் 9 மணி வரை மட்டுமே அடைத்தால் போதும். மாலையில் வாங்குவோர்க்குக் கைவண்டி ஒன்றைச் சங்கமே தெருமுனையில் வைக்கலாம்.

இன்னொரு தீங்கும் உண்டு. நடைவீதியை விரும்புவோர் இதைச் சொல்வதில்லை. தெரு இனிமையானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் முதலில் வெளியேறுபவர் தையற்காரரும் சைக்கிள் கடைக்காரரும். அங்கே வருவது தின்பண்டக் கடை. இரண்டு மாதச் சோதனையில் இது நேராது. நிலையாக்கும் பேச்சு வரும்போது நேரக்கூடும். அப்போது சங்கம் வாய் திறக்கவேண்டும். நடைபாதை வணிகர்களும் அவ்வாறே. தெருவை அழகாக்குகிறோம் என்று முதலில் பூக்காரம்மாளை எழுப்பிவிடும் வழக்கம் பல நகரங்களில் உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அவர்கள் அமரும் இடத்தைச் சோதனை தொடங்குமுன்னரே கோடு போட்டுக் கொடுத்துவிடவேண்டும்.

பின்தெருவில் குடியிருப்போர், அடைத்த வண்டிகளெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. வழி அடைபட்டால் சிலர் வண்டியை வீட்டில் விட்டு நடந்து வருவர், சிலர் வேறு நேரத்தில் வருவர் என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட செய்திதான். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்யமாட்டார்கள். முதல் இரண்டு வாரம் பின்தெருவின் இரு முனைகளிலும் தொண்டர்கள் நிற்கவேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் புகுமாறு நடுவில் வழிவிட்டே நாற்காலி போடவேண்டும். நடக்க இயலாதவர் வரும் ஆட்டோவை எக்காரணத்தாலும் தடுக்கலாகாது. கழிப்பறைக்கும் வழி செய்யவேண்டும். இதை மறந்த தெருவில் பெண்கள் அரைமணிக்குமேல் இருக்கமாட்டார்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. சர்ச் ஸ்ட்ரீட்டில் காற்றை அளந்தார்கள். காற்றை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை; தலைகளை எண்ணலாம். கோபன்ஹேகனில் ஜான் கேல் என்னும் கட்டடக்கலைஞர் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று பல ஆண்டுகள் எண்ணியே அந்நகரத்தாரை இணங்க வைத்தார். நமக்கு எட்டு மாணவர்கள் போதும். தெருவின் இரு முனைகளிலும் இருவர் இருவராக, மாலை 6 முதல் 8 வரை, இருவேறு நாட்கள் முறை வைத்து எண்ணலாம். முதியோர் எத்தனை, சிறுவர் எத்தனை, கையில் பையோடு திரும்பியவர் எத்தனை என்று தனித்தனியே குறிக்கவேண்டும். அடைப்பதற்கு முன் கார்த்திகையில் ஒருமுறை எண்ணாவிட்டால், பின்னர் தையில் எண்ணுவதால் பயனில்லை. கடைக்காரர்களும் தம் விற்பனைக் கணக்கைத் தாமே குறித்து வைத்திருக்கட்டும். நம்மிடம் காட்டவேண்டியதில்லை, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் நாளில் அதைப் பார்த்து அவர்கள் கையைத் தூக்கினால் போதும்.

வரும் ஞாயிறு காலை கடைக்காரர்களோடு கூட்டம் நடைபெறும். எண்ணும் பணிக்கு முன்வரும் மாணவர்கள் இசை விருந்து தொடங்குமுன் வாயிலில் உள்ள மேசையில் தங்கள் பெயரை எழுதித் தருக.