கட்டுச்சோறும் ராட்டினமும்



காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. மே மாதம் பிறந்துவிட்டால் இந்தச் சாலைக்கு ஓய்வே கிடையாது. வடக்கேயிருந்து திருநள்ளாற்றுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வருகிற வேன்கள் ஒரு பக்கம். பிள்ளைகளுக்குச் சென்னையைச் சுற்றிக்காட்டக் கிளம்புகிற உள்ளூர் வேன்கள் இன்னொரு பக்கம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகிற குடும்பத்துக்குச் சாப்பாடு ஒரு பெரிய கவலை இல்லை. மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ராட்டினமும் நீர்ச்சறுக்கும் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நிலை வேறு. அங்கே வாசலிலேயே பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். எலுமிச்சை சாதமும் முறுக்கும் வெளியே நிற்க, குடும்பம் மட்டும் உள்ளே போகும். பிறகு இருட்டும் வரை எதைச் சாப்பிட்டாலும் உள்ளே எழுதி வைத்திருக்கிற விலைதான்.

சென்னைப் பக்கத்துப் பூங்காக்கள் காவிரி டெல்டா மக்களுக்குப் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா என்று இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் பார்த்தாயிற்று. விஜிபி வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்த சிறுவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் திறந்தாயிற்று. 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி தொடங்கிய பூங்காதான் பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் சுற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறது. காலைத் தொங்கவிட்டபடி தலைகீழாகச் சுழற்றும் அதன் பெரிய ரோலர்கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர். தஞ்சைத் தரணியின் பெயர் இரும்புத் தண்டவாளத்தில் ஏறியிருக்கும்போது டெல்டாப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

நுழைவுச் சீட்டின் விலை முன்கூட்டியே தெரியும். இணையத்தில் முன்பதிவு செய்தால், வேலை நாளாகப் பார்த்துப் போனால் குறைக்கவும் வழி உண்டு. சாப்பாட்டுச் செலவு அப்படி இல்லை. இருபதும் ஐம்பதும் நூறுமாகப் போய், வீட்டுக்கு வந்து பையைத் துழாவும்போதுதான் தெரியும்.

ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று விடியற்காலை பூவத்தில் வண்டி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை டிபன், முற்பகலில் ஒரு கொறிப்பு, மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது, இரவு திரும்பும் வழியில் ஒரு சாப்பாடு. ஐந்து வேளை, ஐந்து பேர், ஆக 25 தட்டு. தண்ணீரும் ஐஸ்கிரீமும் இந்தக் கணக்கில் வராது. இந்த 25 தட்டில் பூங்காவுக்குள் வாங்கியே ஆக வேண்டியது மதியத்துக்கு ஐந்து, சாயங்காலம் நிற்பதானால் இன்னும் ஐந்து. மிச்சம் பதினைந்தும் வீட்டுச் சமையலறையிலோ ஊர்க்கடையிலோ முடிந்துவிடக் கூடியவை. சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. பூங்காவுக்குள் போய்ப் பிள்ளை கேட்ட ஐஸ்கிரீமுக்கு முகம் சுளிப்பதில் ஒன்றும் மிச்சமாகாது.

பூவத்திலிருந்து திருப்போரூர் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, மரக்காணம் என்று போகிற வழி. பூங்காக்கள் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் வயிறு நிரம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலை டிபன் வீட்டு இட்லியாக இருக்கட்டும். முற்பகல் கொறிப்புக்குப் பதில், வாசலுக்குப் போகும் முன் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஆளுக்கு ஒரு கை கட்டுச்சோறு. முந்தின நாளே போய்த் தங்குகிறவர்களுக்கு இன்னும் வசதி. திருப்போரூர் கந்தசாமி கோயில் இருக்கும் ஊர்; கோயில் ஊர்களில் சாதாரண விலைக்கு டிபன் கிடைக்கும். சென்னைக்குள் தங்கினால் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கவே இருக்கின்றன. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம் என்றுதான் அவை தொடங்கின. சுற்றுலா வந்தவர்கள் அங்கே போய் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கட்டுச்சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாட்டிமார்கள் கைப்பழக்கமாகச் செய்து வந்ததற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது.

வடித்த சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு இருக்கும். கொதிக்கிற உலைக்கும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். புளியோதரை இதற்கு ஈடுகொடுப்பது புளியின் அமிலத்தால். நல்லெண்ணெயும் ஈரமில்லாமல் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும் அதற்குத் துணை. செய்கிற விதமும் முக்கியம். சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, முழுக்க ஆறின பிறகுதான் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசற வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளே ஆவி வேர்த்துச் சொட்டும். அந்த ஈரத்தில்தான் சோறு நூல் விடும். வாழையிலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. தயிர் சாதத்துக்கு இன்னொரு பக்குவம்: சோற்றைக் குழைத்து, காய்ச்சிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கலந்தால், போய்ச் சேருவதற்குள் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவினால் போதும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், முதலில் கெட்டுப்போவது அதுதான். எவ்வளவு பக்குவமாகக் கட்டினாலும் மே மாத வெயிலில் காலையில் கட்டியது மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். இரவுக்கு மிச்சம் வைப்பது ஆபத்து.

இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. நாலு மணி வண்டிக்கு வீட்டுப் பெண்மணி இரண்டு மணிக்கே எழுந்து, ஐந்து பேருக்கும் கட்டி முடித்து, பகல் முழுக்க ராட்டினத்தடியில் கண்ணயர்ந்து உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது சுற்றுலாவே அல்ல. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே காய்ச்சி வைக்கலாம். இலை நறுக்குவது, பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது, பொட்டலம் மடிப்பது எல்லாம் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் செய்கிற வேலைகள்தான். அதுவும் முடியாத வீட்டில் காலை டிபனைச் சிதம்பரத்திலோ கடலூரிலோ கடையில் முடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். சிக்கனத்துக்காக அம்மா ஒருத்தியின் தூக்கத்தைப் பிடுங்குவது நியாயமில்லை.

வெளிச் சாப்பாட்டைத் தடுக்கப் பூங்காவுக்கு உரிமை உண்டா? பூங்காக்களைப் பற்றி அல்ல, திரையரங்குகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. திரையரங்குக்குள் சொந்தச் சாப்பாட்டை அனுமதிக்க வேண்டும் என்று 2018இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3ஆம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா அமர்வு அதை ரத்து செய்தது. அரங்கம் தனியார் சொத்து, நிபந்தனை விதிப்பது உரிமையாளரின் உரிமை, உள்ளே விற்பதை வாங்கியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்பது அதன் சாரம். கூடவே இரண்டு விஷயங்கள் பதிவாயின. சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் குழந்தைக்கு வேண்டியதை அளவாகக் கொண்டுபோகத் தடை இல்லை. பூங்காக்களும் இந்த வழியைத்தான் பின்பற்ற வேண்டும். வெயிலிலும் தண்ணீரிலும் நாள் முழுக்க ஓடுகிற பிள்ளைக்குக் குடிநீர் காசில்லாமல் கிடைப்பது சலுகையாகாது.

ஷாங்காயில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரியில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, நாற்பது யுவானுக்குச் சற்று அதிகமாகத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு டிஸ்னிலேண்ட் வாசலுக்குப் போனார். பையைச் சோதித்தார்கள், தின்பண்டத்தோடு உள்ளே விட மறுத்தார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருக்கும் டிஸ்னி பூங்காக்களில் சொந்தச் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் தடை என்ற கேள்வி சீனா முழுக்கப் பரவியது. செப்டம்பரில் பூங்கா தன் விதியை மாற்றியது. மாணவிக்கு 50 யுவான் கொடுத்து வழக்கும் சமரசத்தில் முடிந்தது. இன்று அங்கே சொந்த உணவு கொண்டுபோகலாம். சூடாக்க வேண்டியதும், டூரியன் பழம் போலக் கடுமையாக மணப்பதும் கூடாது. கருவாட்டுத் தொக்கை ரசித்துச் சாப்பிடுகிற நம் கடற்கரை மக்களுக்கும் இந்த நியாயம் புரியும். கூட்டத்தில் அடுத்தவர் மூக்கையும் நினைக்கத்தான் வேண்டும்.

சொந்தச் சாப்பாட்டை விட்டால் பூங்கா நொடித்துவிடும் என்ற வாதம் அத்தனை வலுவானதல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாலிடே வேர்ல்ட் என்ற குடும்பப் பூங்கா 2000ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானத்தையே இலவசமாகத் தந்து வருகிறது. பென்சில்வேனியாவின் க்னோபல்ஸ் பூங்காவில் நுழைவுக் கட்டணமே இல்லை, சொந்தச் சாப்பாட்டைப் பிரித்து உண்ண மேசைகளும் போட்டிருக்கிறார்கள். ராட்டினத்துக்கு மட்டும் காசு. நம் பூங்காக்கள் வாசலுக்கு வெளியே நிழற்கூரை ஒன்று போட்டு, கை கழுவக் குழாயும் குப்பைத்தொட்டியும் வைத்து, சாப்பிட்டு வருகிறவர்களைத் திரும்ப உள்ளே விட்டால் போதும். டெல்டாவிலிருந்து இன்னும் எத்தனையோ வேன்கள் கிளம்பும்.

அப்படி ஒரு வசதி வரும்வரை உள்ளே வாங்கும் மதியச் சாப்பாட்டை மனம் நிறையச் சாப்பிட வேண்டும். அதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை, செலவில் அதை முன்பே எழுதி வைத்தாயிற்று. பன்னிரண்டுக்கு முன்போ இரண்டுக்குப் பிறகோ போனால் வரிசை குறைவாக இருக்கும். வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சுழல்கிற ராட்டினத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பட்டவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வழி உண்டு: காலையிலேயே ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, தின்பண்டமோ பொம்மையோ இதற்குள் உன் இஷ்டம் என்று சொல்லிவிடுவது. அப்பாவின் காசில் மூன்று ஐஸ்கிரீம் கேட்கிற பிள்ளை, தன் காசு என்றால் விலைப்பலகையை இரண்டு தடவை படிக்கும்.

விலையிலும் கவனம் வேண்டும். உறையில் விலை அச்சிட்ட பண்டத்துக்கு ஒரே அதிகபட்ச விற்பனை விலைதான். பூங்காவுக்கு ஒரு விலை, பெட்டிக்கடைக்கு ஒரு விலை என்று ஒரே பண்டத்தில் அச்சிடுவதை 2018 ஜனவரி 1 முதல் விதிகள் தடுக்கின்றன. உட்கார வைத்துப் பரிமாறுகிற உணவகம் மட்டும் பாட்டில் தண்ணீருக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. வெறும் கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வழியில் பெரிய ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணம் ஏறியிருந்தால் அதுவும் கட்டாயமல்ல, நீக்கச் சொல்லலாம். 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த இந்த விதியை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சீட்டுப் பதிவு செய்வதற்கு முன் பூங்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, காலி பாட்டிலை உள்ளே விடுவார்களா, கைக்குழந்தையின் கஞ்சிக்கும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவின் டப்பாவுக்கும் என்ன விதி, கையில் முத்திரை குத்திக்கொண்டு வண்டி வரை போய்த் திரும்ப முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால், மதியத்துக்கு வாங்க வேண்டிய ஐந்து தட்டும் வண்டியிலேயே முடிந்துவிடும்.