ஆமைக்குத் தமிழில் ஆணை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைந்து வருகிறது. அதே நேரத்தில் வேறோரிடத்தில் ரோபோ வகுப்பு நடைபெறுவதே காரணம். பெற்றோரை நாம் குறை கூறோம். தம் மக்கள் காலத்தோடு நடக்க வேண்டுமென விழைவது இயல்பே. ஆயினும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டுமோ?

ரோபோ விளையாட்டு நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டில் ஸீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை ஆக்கினர். சில ஆண்டுகளில் ஓர் ஆமையும் அதனோடு வந்து சேர்ந்தது. ஆமையென்பது சக்கரம் பூண்ட ஒரு பொறி. வயிற்றிலே ஒரு பேனா. 'முன்னே 100', 'வலம் 90' என ஆணையிட்டால் தரையில் விரித்த தாளில் கோடிழுத்துச் செல்லும். அவ்விரண்டையும் நான்கு முறை கூறினால் சதுரம்.

முக்கோணத்தில்தான் சுவை இருக்கிறது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, ஆமையையும் 60 பாகை திரும்பச் சொல்கிறது. ஆமையோ முக்கோணத்தை மூடாமல் அகன்று போய், ஆறாம் முறையில் அறுகோணம் வரைந்து நிற்கிறது! பிள்ளை திகைக்கிறது. தானே ஆமையாகி நடந்து பார்க்கச் சொல்வது பேப்பர்ட் காட்டிய வழி. நடந்தால் விளங்கும்: திரும்ப வேண்டியது உட்கோணம் அன்று, வெளிக்கோணமாகிய 120. மூன்று திருப்பங்களும் கூடி 360 ஆனால்தான் புறப்பட்ட முகத்தோடு மீளலாம். இங்கே எவரும் சிவப்பு மையால் கோடிடவில்லை. ஆணையில் பிழை எங்கேயெனப் பிள்ளையே தேடுகிறது. ஜெனெட் விங் 2006இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பெரிதும் பேசப்படும் 'கணிமைச் சிந்தனை'யின் உயிர்நிலை இத்தேடலே என்பது நம் கருத்து. கம்பியும் மின்கலமும் பிறகு வரலாம்.

பித்தானை அழுத்தினால் ஓடும் தேனீ வடிவ ரோபோ பொம்மைகள் இன்று உண்டு. நல்லவையே, ஆனால் வாங்கியே தீர வேண்டுமென்பதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நிரல் எழுதும் பயிற்சியை ஆறாம் வகுப்பு முதலான நடுநிலையிலேயே வைத்திருக்கிறது. சிறுவர்க்குத் தரையில் கட்டமும், ரோபோவாக நிற்க ஒரு தோழனும் போதும்.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். 'வலப்பக்கம்' என்றால் மட்டும் தயங்கி, 'ரைட்டா?' என்பர், சிலர் இந்திச் சொல்லைத் தேடுவர். அவர்கள் தமிழிலேயே ஆணையிட்டால் எப்படியிருக்கும்? 'சுவர் வரும்வரை நட. கட்டம் அடைபட்டிருந்தால் இடப்பக்கம் திரும்பு. இல்லையேல் முன்னே செல்.' இந்த 'வரை'யும் 'ஆல்' விகுதியும் 'இல்லையேல்' என்பதும் இலக்கணப் பாடமுமாகும், கணினிப் பாடமுமாகும். ரோபோவாக நிற்பவன் சொன்னதை மட்டுமே செய்வான். சொல் பிசகினால் சுவரில் முட்டி நிற்பான். குழந்தைகளுக்கு அதைவிடச் சிரிப்பு வேறில்லை.

வரும் ஞாயிறன்று தமிழ் வகுப்பு முடிந்ததும் இம்மண்டபத் தரையில் எட்டுக்கு எட்டாகக் கட்டம் வரைவோம். சுண்ணக்கட்டி சங்கத்தின் பொறுப்பு. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ளோரைப் பெற்றோர் அழைத்து வருக. இயன்றால் தாமும் ஒருமுறை ரோபோவாக நின்று பார்க்க.